வாடகை குறைந்த அறையா, வேலைக்குப் பக்கத்து அறையா? சென்னையில் தங்க இடம் பார்ப்பவர்களுக்கு ஓர் ஒப்பீடு

சென்னைக்கு இரண்டு மூன்று நாள் வேலையாக வருகிறவர்கள் அறை தேடும்போது கடைசியில் இரண்டு அறைகளுக்கு நடுவே வந்து நிற்பார்கள். ஒன்று தி.நகரிலோ கிரீம்ஸ் சாலையிலோ, போக வேண்டிய இடத்துக்கு நடந்தே போகலாம். இன்னொன்று தாம்பரத்திலோ பெருங்களத்தூரிலோ, வாடகை ஏறக்குறையப் பாதி. "தூங்கத்தானே போறோம், எங்க தூங்கினா என்ன?" என்பார் ஒருவர். "மிச்சம் பிடிக்கிறது எல்லாம் ஆட்டோவுக்கே போயிடும்" என்பார் இன்னொருவர். இருவர் சொல்வதும் பலிக்கிற சமயங்கள் உண்டு. எந்தச் சமயத்தில் எது என்பதை வாடகையை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. ஒரு நாளில் அறைக்கும் வெளிக்கும் எத்தனை நடை, அந்த நடையைப் போகிறவர் யார், எந்த வண்டியில் போவார் என்று தெரிந்தால்தான் கணக்கு தொடங்கும்.

## அறை தேடும் முன் விடை தெரிய வேண்டிய கேள்விகள்

முதல் வேலை எத்தனை மணிக்கு? காலை ஏழரைக்கு ரத்தப் பரிசோதனை, எட்டு மணிக்குத் தூதரக நேர்காணல், ஒன்பதுக்குத் தேர்வு மையம் என்று மணி குறித்த வேலை இருந்தால் அந்த ஒரு காலைக்காகவே பக்கத்து அறைக்குக் கூடுதலாகக் கொடுக்கலாம். பதினொரு மணிக்குக் கடை திறந்தபின் போனால் போதும் என்றால் அந்தக் கூடுதல் பணம் வீண்.

பகலில் அறைக்குத் திரும்புவீர்களா? பெரும்பாலோர் யோசிக்காமல் விடுவது இதைத்தான். காலையில் கிளம்பி இரவில் திரும்புகிறவருக்கு ஒரு நாளில் இரண்டே நடை. மதியம் பையை வைத்துவிட்டுச் சாப்பிட்டு, குழந்தையைத் தூங்கவைத்து, மறுபடி கிளம்புகிற குடும்பத்துக்கு நான்கு நடை. நான்காகிவிட்டால் தூரத்து அறையின் மலிவு அநேகமாகக் கரைந்துவிடும்.

யார் வருகிறார்கள்? தனியாளும் இளைஞர் இருவரும் மின்சார ரயிலில் ஏறிக்கொள்வார்கள். முழங்கால் வலியுள்ள பாட்டியும் ஐந்து வயதுப் பிள்ளையும் உடன் வந்தால் கார்தான். ரயிலில் பத்து ரூபாய்க்குள் முடிகிற அதே தூரத்துக்குக் காரில் ஐந்நூறு ரூபாய் ஆகும்.

எங்கே இறங்கி, எங்கே ஏறுவீர்கள்? தென்மாவட்ட அரசுப் பேருந்துகள் கோயம்பேட்டை விட்டு, 2023 டிசம்பர் 30 அன்று திறந்த கிளாம்பாக்கம் முனையத்துக்கு மாறிவிட்டன. நகரத்தின் நடுவிலிருந்து அது சுமார் 30 கி.மீ. பழைய நினைப்பில் "பஸ் ஸ்டாண்டு பக்கத்தில்" என்று கோயம்பேட்டில் அறை போட்டுவிட்டு, கடைசி நாள் இரவு மூட்டையோடு கிளாம்பாக்கத்துக்கு ஓடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ரயிலிலும் டிக்கெட்டை ஒருமுறை பாருங்கள். எழும்பூர் நிலைய மறுசீரமைப்பு வேலையால் சில வண்டிகள் தாம்பரத்தோடு நிறுத்தப்படுவதுண்டு.

இரவு எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள்? மெட்ரோ ஏறக்குறைய இரவு 11 மணியோடு முடிந்துவிடும். காலையில் 5 மணி வாக்கில்தான் தொடங்கும். ரிசப்ஷன், கச்சேரி, கிரிக்கெட் ஆட்டம் என்று வருகிறவர்கள் அதற்குப் பிந்தைய ஆட்டோக் காசையும் வாடகையோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆட்டோவுக்கு அரசு 2013இல் நிர்ணயித்த கட்டணத்திலேயே இரவு நேரத்துக்கு ஒன்றரை மடங்கு. தெருவில் கேட்கிற தொகை அதற்கும் மேலே இருக்கும்.

## ஒரே இரண்டு அறை, இரண்டு விடை

கணக்குக்காகத் தி.நகர் அறை நாளுக்கு 2,800 ரூபாய், தாம்பரம் அறை 1,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வேலை தி.நகரில் கல்யாண ஜவுளி. தங்குவது இரண்டு நாள்.

முதலில் பெரியவர் மூவர், பாட்டி உட்பட, ஒரு பிள்ளை. தி.நகரில் எக்ஸ்ட்ரா பெட் 700 சேர்த்து 3,500; ஜிஎஸ்டி 5 சதவீதத்தோடு 3,675. இரண்டு நாளுக்கு 7,350. ரயில் நிலையத்துக்கு வந்துபோக ஆட்டோ 400. மொத்தம் 7,750. தாம்பரத்தில் எக்ஸ்ட்ரா பெட் 500 சேர்த்து 2,000, வரியோடு 2,100, இரண்டு நாளுக்கு 4,200. தி.நகருக்குச் சுமார் 20 கி.மீ.; காலையில் கார் 550, இரவில் 650, இரண்டு நாளுக்கு 2,400. நிலைய ஆட்டோ 200. மொத்தம் 6,800. மிச்சம் 950 ரூபாய். அதற்கு விலை, தாம்பரத்திலிருந்து நகருக்குள் வரும் ஜிஎஸ்டி (கிராண்ட் சதர்ன் டிரங்க்) சாலை நெரிசலில் இரண்டு நாளும் சேர்த்து நான்கைந்து மணி நேரம். பகலில் பாட்டிக்குப் படுக்க இடமில்லை. வாங்கிய பட்டுப்புடவைப் பைகள் இரவு வரை கையில். இந்தக் குடும்பம் தாம்பரத்தில் தங்கக் கூடாது.

இப்போது இளைஞர் இருவர். தி.நகரில் வரியோடு இரண்டு நாளுக்கு 5,880. தாம்பரத்தில் 3,150. தாம்பரத்திலிருந்து மாம்பலத்துக்கு மின்சார ரயிலில் அரை மணி நேரம்; டிக்கெட் பத்து ரூபாய்க்குள்; எட்டு டிக்கெட்டுக்கு 80 ரூபாய் என்றே வைத்தாலும் 3,230. மிச்சம் 2,650. காலை மாலை அரை மணி ரயில் பயணத்துக்கு இது நல்ல மிச்சம். இவர்கள் தி.நகரில் அறை எடுத்தால் அது பணக் கொழுப்பு.

அறைகளும் தூரமும் மாறவில்லை. ஏறுகிற வண்டி மட்டும் மாறியது. உங்கள் கணக்கிலும் வாடகைக்கு அடுத்த வரியில் எழுத வேண்டியது அதுதான்.

## வழி 1: வேலை நடக்கிற தெருவிலேயே

தி.நகரில் உஸ்மான் சாலை, பாண்டி பஜார் சுற்றுவட்டாரம். மருத்துவமனைக்கு வருகிறவர்களுக்குக் கிரீம்ஸ் சாலையும் ஆயிரம் விளக்கும். கண் மருத்துவத்துக்கு நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலைப் பக்கம். மார்கழிக் கச்சேரிகளுக்கு மயிலாப்பூர்.

இங்கே பெறுவது நேரமும் திரும்பிப் படுக்கிற வசதியும். இழப்பது பணம் மட்டுமல்ல. அதே வாடகைக்கு அறை சிறியது, ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடச் சுவர், கார் நிறுத்த இடமில்லை. சொந்தக் காரில் வந்து தி.நகரில் தங்குவது எல்லாவற்றிலும் மோசமான சேர்க்கை. பாண்டி பஜார் பக்கம் அடுக்குமாடி வாகன நிறுத்தம் இருக்கிறது. ஆனால் இரவு முழுக்க விடுவதற்கான கட்டணத்தை விசாரித்து, வாடகையோடு கூட்டிக்கொள்ளுங்கள். தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் உஸ்மான் சாலைக்குள் கார் நுழைவதே பெரும்பாடு.

மருத்துவமனை வட்டாரத்துக்குத் தனிக் கணக்கு. கிரீம்ஸ் சாலை, ஆயிரம் விளக்குச் சந்துகளில் வெளிமாநில நோயாளிகளை நம்பியே நடக்கும் விடுதிகள் ஏராளம். அடுப்பு, பாத்திரம், குளிர்பெட்டியோடு அறை தருகிற இடங்களும் உண்டு. டிஸ்சார்ஜ் தேதி எப்போதும் தள்ளிப்போகும் என்பதால் நாள் வாடகையில் பேசாமல் வார வாடகை எவ்வளவு என்று முதலிலேயே கேட்க வேண்டும். இரண்டு வேளை கஞ்சியும் ரசமும் அறையிலேயே வைக்க முடிந்தால் ஓட்டல் செலவு குறைவதோடு நோயாளிக்கும் நல்லது. கண்ணில் சொட்டு மருந்து விட்டுப் பார்வை மங்கலாக வெளியே வருகிறவர், அறுவைக்கு மறுநாள் காலை மறுபரிசோதனைக்கு வர வேண்டியவர் ஆகியோருக்கு இடம்தான் முக்கியம், விலை இல்லை.

ஒரு விதிவிலக்கு. நோயாளி உள்ளே படுத்திருக்கிறார், உடன் ஒருவர் வார்டிலேயே இருக்கிறார் என்றால், முறை மாற்ற வரும் இன்னொருவருக்குக் குளிக்கவும் ஆறு மணி நேரம் தூங்கவும் இடம் போதும். அவருக்கு எழும்பூர் போதுமானது.

## வழி 2: எழும்பூர், பெரியமேடு

ரயில்காரர்களின் பேட்டை. எழும்பூர் நிலையத்துக்கு எதிரே காந்தி இர்வின் சாலையிலும் கென்னட் லேனிலும் வரிசையாக லாட்ஜுகள். சென்ட்ரலுக்கு வருகிறவர்களுக்குப் பெரியமேடும் வால்டாக்ஸ் சாலையும்.

தென்மாவட்ட வண்டிகள் விடியற்காலையில் வந்து இறக்கிவிடும் ஊர் இது என்பதால் பல லாட்ஜுகளில் 24 மணி நேரக் கணக்கு: நீங்கள் சாவி வாங்கிய நேரத்திலிருந்து ஒரு நாள். பெரிய ஓட்டல்களில் மதியம் 12 முதல் மறுநாள் 12 வரை, அல்லது 2 மணிக்கு உள்ளே, 11 மணிக்கு வெளியே. காலை 6 மணிக்கு வந்து மறுநாள் விடியலிலேயே கிளம்புகிறவருக்கு 24 மணிக் கணக்கில் ஒரு நாள் வாடகைதான். மதியக் கணக்கில் முன்கூட்டியே அறை திறந்ததற்குப் பெரும்பாலும் அரை நாள் கூடும். சனி காலை 6 மணிக்கு வந்து ஞாயிறு இரவு 9 மணிக்குக் கிளம்புகிறவருக்குக் கணக்கு மாறும். 24 மணிக் கணக்கில் இரண்டு நாள் வாடகை, ஆனால் கடைசி நிமிடம் வரை அறை கையில். மதியக் கணக்கில் ஒன்றரை நாள் வாடகை, ஞாயிறு மதியத்துக்குப் பிறகு பை ரிசப்ஷனில், நீங்கள் தெருவில்.

இடம் என்ற வகையில் எழும்பூரைப் பலரும் குறைத்து மதிப்பிடுகிறார்கள். மின்சார ரயிலில் சேத்துப்பட்டு, நுங்கம்பாக்கம், கோடம்பாக்கம், அடுத்தது மாம்பலம். தி.நகருக்கு நான்காவது நிலையம். மெட்ரோவின் பச்சை வழித்தடமும் வாசலிலேயே நிற்கிறது. சென்ட்ரல் அடுத்த நிலையம். ஆயிரம் விளக்கு, சேப்பாக்கம் எல்லாம் ஆட்டோவுக்குப் பக்கம்.

குறை கட்டடங்களில் இருக்கிறது. பழைய லாட்ஜுகளில் லிப்ட் இருக்காது, அல்லது சிறியது. வெந்நீர் காலையில் குறிப்பிட்ட நேரம்தான். தெருப்பக்க அறையில் இரவெல்லாம் ஆட்டோ ஹாரன். மூன்றாவது மாடியில், தெருவுக்குப் பின்பக்க அறை கேட்டால் சத்தம் பாதி குறையும். லிப்ட் இல்லையென்றால் வயதானவருக்கு அந்த அறை உதவாது. இரண்டில் எது உங்களுக்குத் தொல்லை என்று பார்த்துக் கேளுங்கள். நிலையத்தில் இறங்கியதுமே "ரூம் வேணுமா சார்?" என்று கூட வருகிறவரோடு போனால் அவருடைய கமிஷன் உங்கள் வாடகையில் ஏறும்.

சில மணி நேரம் குளித்து உடைமாற்றினால் போதும் என்பவர்கள் ரயில்வேயின் ஓய்வறைகளைப் பாருங்கள். எழும்பூர், சென்ட்ரல் இரண்டிலும் உண்டு. உறுதியான டிக்கெட்டின் பிஎன்ஆர் எண்ணை வைத்து ஐஆர்சிடிசி வழியாகப் பதியலாம். சீக்கிரம் தீர்ந்துவிடும்.

## வழி 3: மெட்ரோவும் மின்சார ரயிலும் தொடுகிற நடுப்பகுதி

வேலை ஒரே இடத்தில் இல்லாமல் நகரம் முழுக்கச் சிதறிக்கிடப்பவர்களுக்கு இதுதான் ஏற்றது. கிண்டி, பரங்கிமலை, ஆலந்தூர், வடபழனி, அசோக் நகர், மேற்கு மாம்பலம். ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி.

கிண்டியில் மெட்ரோவின் நீல வழித்தடமும் மின்சார ரயிலும் அடுத்தடுத்து நிற்கின்றன. ரயிலில் சைதாப்பேட்டை, அடுத்து மாம்பலம். மெட்ரோவில் நந்தனம், தேனாம்பேட்டை, ஆயிரம் விளக்கு என்று அண்ணா சாலை முழுவதும் நேர்வழி. எதிர்த்திசையில் விமான நிலையம். புத்தகக் காட்சிக்கு நந்தனம் வருகிறவர், நந்தம்பாக்கம் வர்த்தக மையத்துக்கு வருகிறவர், மறுநாள் விமானம் ஏறுகிறவர் எல்லோருக்கும் பொருந்தும். கிண்டியில் வாடகை கூடுதலாகத் தோன்றினால் அடுத்துள்ள பரங்கிமலை, ஆலந்தூரில் பாருங்கள். பரங்கிமலையில் ரயில், மெட்ரோ இரண்டும் கிடைக்கும்; ஆலந்தூரில் மெட்ரோ.

வடபழனியில் ஏமாறுகிறவர்கள் அதிகம். "மெட்ரோ பக்கத்தில்" என்பது உண்மைதான், ஆனால் அது பச்சை வழித்தடம். அங்கிருந்து ஆயிரம் விளக்குக்கு மெட்ரோவில் போக வேண்டுமானால் தெற்கே ஆலந்தூர் வரை போய் மாறி, மறுபடி வடக்கே வர வேண்டும். இல்லாவிட்டால் கோயம்பேடு, அண்ணா நகர் என்று சுற்றி சென்ட்ரலில் மாற வேண்டும். நேர்த்தூரம் ஐந்தாறு கி.மீ.தான், ஆட்டோவே மேல். கோயம்பேடு, அண்ணா நகர், எழும்பூர் வேலைக்கு வடபழனி நல்லது. அண்ணா சாலை வேலைக்கு நல்லதல்ல. நிலையம் பக்கத்தில் இருக்கிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள். வண்டி மாறாமல் போக முடிகிறதா என்றும் பாருங்கள்.

தி.நகரில் வேலை, ஆனால் தி.நகர் வாடகை வேண்டாம் என்பவர்களுக்கு மேற்கு மாம்பலத்தை அழுத்தமாகவே சொல்லலாம். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் ரங்கநாதன் தெரு, இந்தப் பக்கம் மெஸ்களும் கல்யாண மண்டபங்களும் உள்ள அமைதியான தெருக்கள். மாம்பலம் நிலைய மேம்பாலத்தில் ஏறி இறங்கினால் கடைவீதி. 2023இல் திறந்த ஆகாய நடைபாதை மாம்பலம் நிலையத்தையும் தி.நகர் பேருந்து நிலையத்தையும் இணைக்கிறது. ஒரு எச்சரிக்கை: வரைபடத்தில் 400 மீட்டர் என்று தெரிவது நடப்பவருக்குத்தான். வண்டியில் போனால் துரைசாமி சுரங்கப்பாதை வழியாகச் சுற்ற வேண்டும். அது எப்போதும் நெரிசல், பெருமழையில் தண்ணீர் நிற்கும். படியேற முடியாதவர் உடன் இருந்தால் மேற்கு மாம்பலத்தின் அனுகூலம் போய்விடும்.

## வழி 4: புறநகர்

குரோம்பேட்டை, தாம்பரம், பெருங்களத்தூர், வண்டலூர், கூடுவாஞ்சேரி. வாடகை குறைவு, அறை பெரிது, கார் நிறுத்த இடம் கிடைக்கும்.

மின்சார ரயில் நிலையத்துக்கு நடந்துபோகிற தூரத்தில் இருந்தால் மட்டுமே இந்த மலிவு உண்மையான மலிவு. நிலையத்திலிருந்து மூன்று கி.மீ. உள்ளே என்றால் காலை ஒரு ஆட்டோ, இரவு ஒரு ஆட்டோ. இரவு பத்துக்கு மேல் சவாரி ஏற்க மறுத்துக்கொண்டே இருப்பார்கள். இன்னொரு கண்ணி ஞாயிற்றுக்கிழமை. தண்டவாளப் பராமரிப்புக்காகக் கடற்கரை–தாம்பரம் தடத்தில் பகலில் பல ரயில்களை நிறுத்திவிடுவதுண்டு. ஊரே ஷாப்பிங் போகிற நாளில் இது நடக்கும். ஞாயிறு வேலையென்றால் முந்தைய நாள் தெற்கு ரயில்வே அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள்.

கிளாம்பாக்கத்தில் நள்ளிரவில் இறங்கி மறுநாள் வண்டலூர், தாம்பரம் பக்கமே வேலையுள்ளவருக்கும், கடைசி நாள் தென்மாவட்டப் பேருந்து பிடிக்கிறவருக்கும் இதுவே சரியான இடம். இரண்டு இரவில் முதல் இரவை நகருக்குள்ளும் கடைசி இரவைத் தாம்பரத்திலும் பிரித்துத் தங்குவதும் நல்ல ஏற்பாடுதான். மூட்டை கட்டச் சோம்பல் படாதவர்களுக்கு.

பழைய மகாபலிபுரம் சாலையை இதோடு சேர்க்க முடியாது. சோழிங்கநல்லூர், நாவலூர், சிறுசேரி நிறுவனங்களில் பயிற்சிக்கோ நேர்காணலுக்கோ வருகிறவருக்கு அந்தச் சாலைதான் மையம். அவர் "சிட்டிக்குள்ளேயே இருக்கட்டும்" என்று எழும்பூரில் தங்கினால் மெட்ரோ கட்டுமானத்தால் குறுகிய சாலையில் ஒவ்வொரு காலையும் மாட்டிக்கொள்வார்.

## ஒரே பார்வையில்

| | வேலைத் தெருவிலேயே | எழும்பூர், பெரியமேடு | கிண்டி, மேற்கு மாம்பலம், வடபழனி | தாம்பரம், அதற்கு அப்பால் |
|---|---|---|---|---|
| வாடகை | அதிகம் | குறைவு முதல் நடுத்தரம் | நடுத்தரம் | குறைவு |
| பகலில் அறைக்குத் திரும்ப | நடந்தே | முடியும் | வேலை எங்கே என்பதைப் பொறுத்து | முடியாது |
| விடியற்கால ரயிலில் வருபவருக்கு | மதியம் வரை காத்திருப்பு | 24 மணிக் கணக்கு | விடுதிக்கு விடுதி வேறு | தாம்பரத்தில் இறங்கினால் வசதி |
| கிளாம்பாக்கம் பேருந்துக்கு | இரண்டு மணி நேரம் முன்பே கிளம்பணும் | அதைவிட முன்பே | ஒன்றரை மணி நேரம் | பக்கம் |
| சொந்தக் கார் | தொல்லை | தொல்லை | சில இடங்களில் உண்டு | எளிது |
| மறைந்திருக்கும் செலவு | சின்ன அறை, வாகன நிறுத்தக் கட்டணம் | லிப்ட், வெந்நீர், சத்தம் | தவறான மெட்ரோ தடம் | இரவு ஆட்டோ, ஞாயிறு ரயில் ரத்து |

## திரையில் தெரியும் விலையில் இல்லாதவை

வரி. 2025 செப்டம்பர் 22 முதல் நாளுக்கு 7,500 ரூபாய் வரையுள்ள அறைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், அதற்கு மேல் 18. 7,500 வரையுள்ள அறைக்கு அதற்கு முன் 12 ஆக இருந்தது; பழைய விகிதத்திலேயே பில் போட்டால் கேளுங்கள். ஆண்டு வரவு 20 லட்சத்துக்குக் குறைந்த சிறிய லாட்ஜுகள் ஜிஎஸ்டி பதிவு செய்யத் தேவையில்லை. பதிவு எண் இல்லாத பில்லில் வரி வாங்கக் கூடாது. 7,500 எல்லையை ஒட்டிய அறை பார்க்கிறவர்கள் கவனிக்க: 7,400 ரூபாய் அறை வரியோடு 7,770, 7,600 ரூபாய் அறை 8,968. இருநூறு ரூபாய் வித்தியாசம் வரியோடு ஏறக்குறைய ஆயிரத்து இருநூறாகிவிடுகிறது.

மூன்றாவது ஆள். செயலியில் இருவருக்குப் போட்டுவிட்டு மூவராகப் போய் நின்றால் எக்ஸ்ட்ரா பெட் விலையை ரிசப்ஷனில் இருப்பவர்தான் சொல்வார். பிள்ளைக்கு எந்த வயது வரை இலவசம் என்பதும் விடுதிக்கு விடுதி வேறு.

அடையாள அட்டை. சென்னை முகவரி உள்ள ஆதாரோடு வருகிறவர்களுக்குச் சில விடுதிகள் அறை தருவதில்லை. ஊரில் பெற்றோர், சென்னையில் பிள்ளை என்றால் பெற்றோர் பெயரில் பதிவது நல்லது. இலங்கையிலிருந்தோ மலேசியாவிலிருந்தோ வருகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். வெளிநாட்டுக் கடவுச்சீட்டில் தங்குகிறவரைப் பற்றி விடுதி 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தகவல் அனுப்ப வேண்டும். அந்த ஏற்பாடு இல்லாத மலிவு லாட்ஜுகள், பணம் கட்டிப் பதிந்திருந்தாலும் வாசலிலேயே மறுத்துவிடும். விமானத்தில் வந்து இறங்கி நள்ளிரவில் அறை தேடுவதைவிட முன்பே தொலைபேசியில் "வெளிநாட்டு பாஸ்போர்ட் எடுப்பீர்களா?" என்று கேட்டு வைப்பது மேல்.

மழை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை தரைத்தள அறை வேண்டாம். ஜெனரேட்டர் லிப்டுக்கும் சேர்த்து ஓடுமா, விளக்குக்கு மட்டுமா என்பதும் கேட்க வேண்டிய கேள்வி.

## சில குறிப்பிட்ட தேவைகள்

அமெரிக்கத் துணைத் தூதரக நேர்காணல்: உள்ளே கைப்பேசியும் பையும் கொண்டுபோக முடியாது. அது இருக்கும் அண்ணா மேம்பாலத்திலிருந்து நடக்கிற தூரத்தில் அறை இருந்தால் எல்லாவற்றையும் அறையிலேயே வைத்துவிட்டுப் போகலாம். தெருவில் யாரிடமும் கொடுத்துவிட்டுத் தவிக்க வேண்டாம். விரல்ரேகைப் பதிவு வேறு இடத்தில், வேறு நாளில் இருக்கும். அந்த முகவரியையும் பார்த்தபின் அறை போடுங்கள்.

அதிகாலை விமானம்: காலை ஏழு மணிக்கு முந்தைய விமானத்துக்கு மெட்ரோவை நம்ப முடியாது. பன்னாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே போக வேண்டும் என்பதால் எட்டு மணி விமானத்துக்கும் நெருக்கடிதான். அந்த ஓர் இரவு மீனம்பாக்கம், திரிசூலம், பல்லாவரம் பக்கம் தங்கினால் இரண்டு மணி நேரத் தூக்கம் மிச்சம்.

தனியாக வரும் இளைஞர்கள்: திருவல்லிக்கேணி மேன்ஷன்களில் சிலவற்றில் நாள் வாடகைக்கும் அறை உண்டு. பொதுக் குளியலறை, கட்டில், மின்விசிறி, கீழே மெஸ். குடும்பத்துக்குத் தரமாட்டார்கள். சேப்பாக்கத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நடந்தே போகலாம்.

தனியாக வரும் பெண்கள்: நிலையத்திலிருந்து அறை வரை நடக்கிற கடைசி 500 மீட்டரை இரவு ஒன்பதரை மணிக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். கடைகள் திறந்திருக்கும் பெரிய சாலையில் உள்ள சுமாரான அறை, இருட்டுச் சந்தில் உள்ள நல்ல அறையைவிட மேல். நேர்காணலுக்கோ பயிற்சிக்கோ சில நாள் தங்குகிறவர்கள் வேலைக்குப் போகும் பெண்களுக்காக அரசு நடத்தும் தோழி விடுதிகளில் குறுகிய காலத் தங்கலுக்கு இடம் இருக்கிறதா என்றும் பார்க்கலாம்.

கல்யாணக் கூட்டம்: ஐந்து அறைக்கு மேல் வேண்டுமானால் செயலியில் பதியாதீர்கள். நேரில் பேசினால் வாடகையும் குறையும், எல்லா அறையும் ஒரே மாடியில் கிடைக்கவும் வழி உண்டு.

## பணம் கட்டும் முன் ஒரு தொலைபேசி அழைப்பு

முதலில் வரைபடத்தில் அறையிலிருந்து வேலை இடத்துக்கு வழி போட்டு, கிளம்பும் நேரத்தை வேலைநாள் காலை எட்டரை என்று மாற்றிப் பாருங்கள். ஞாயிறு இரவு பார்த்த 25 நிமிடம் அப்போது ஒரு மணி நேரமாகத் தெரியலாம். பிறகு அந்த விடுதிக்கு வந்த கருத்துகளைப் புதிது முதலில் என்று வரிசைப்படுத்தி, குறைந்த மதிப்பெண் தந்தவற்றை மட்டும் படியுங்கள். ஒரே குறை, அதாவது தண்ணீர், லிப்ட், மூட்டைப்பூச்சி, மூன்று பேர் எழுதியிருந்தால் அது உண்மை.

அப்புறம் விடுதிக்கே அழையுங்கள். செயலிக்குக் கொடுக்கும் கமிஷன் மிச்சமாவதால் நேரடியாகப் பதிந்தால் பல இடங்களில் குறைத்துத் தருவார்கள். கேட்க வேண்டியவை: வரியெல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு, 24 மணிக் கணக்கா, மதியக் கணக்கா, காலை ஆறு மணிக்கு வந்தால் அறை கிடைக்குமா, அதற்கு எவ்வளவு, வெந்நீர் எத்தனை மணி வரை, லிப்ட் ஓடுகிறதா, அறை தெருப்பக்கமா, பின்பக்கமா, காலி செய்தபின் பையை வைத்துவிட்டுப் போனால் இரவு ஒன்பது மணிக்கு எடுத்துத் தர ஆள் இருப்பார்களா. விலை பேசி முடித்ததும் ஒப்புக்கொண்ட தொகையையும் நேரத்தையும் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். காலை ஆறு மணிக்கு ரிசப்ஷனில் இருக்கப்போவது உங்களோடு பேசியவர் அல்ல, இரவுப் பணியாள்.